அமுக்குப் பெட்டி

நன்றாக இருந்த ஒரு குரலைக் கெட்டுவிட்டது என்று நான் பொய் சொன்னேன். அதை நம்பிய மனிதர் இல்லாத நோய்க்கு வைத்தியம் செய்துகொண்டு, இருந்த குரலை இழந்தார். பின்னால் ஒருமுறை அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அதையும் பாதிதான் வெளியே சொன்னேன். மீதியைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்றுவரை சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டு. பௌதிகத்தில் பட்டம் வாங்கிய நான், பட்டணத்தில் இசைத்தட்டுப் பதிக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் உதவியாளனாக இருந்தேன். எங்கள் பக்கத்துக் கூத்துப் பாட்டுகளைப் பதித்தால் விற்கும் என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் திண்டிவனத்துக்காரன் என்பதால் எஞ்சினியரோடு என்னையும் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால், நிலக்கடலை வாங்கி விற்கும் ஒரு மல்லாட்டை மண்டியின் கிடங்கை ஒரு மாதத்துக்குப் பேசி எடுத்தோம். எதிரொலி வராமலிருக்க மல்லாட்டை மூட்டைகளை மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு அடுக்கி, கூரைக்குக் கீழே ஜமக்காளங்களைக் கட்டினோம். நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம், அதன் முன்னால் மைக். ஜங்ஷன் என்பதால் வண்டி வருகிற நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே பதிப்போம். அதுதான் எங்கள் ஸ்டூடியோ.

அந்தக் காலத்தில் பாட்டு முதலில் மெழுகுத் தட்டில் பதியும். பாடுகிறவரின் குரலுக்கேற்ப ஓர் ஊசி ஆடி, சுழலும் மெழுகில் கோடு வெட்டிக்கொண்டே போகும். குரல் மிக ஓங்கினால் ஊசி அகலமாக ஆடிப் பக்கத்துக் கோட்டில் ஏறிவிடும். தட்டு வீண். வெட்டிய மெழுகைப் போட்டுக் கேட்கவும் முடியாது, கேட்டால் அழிந்துவிடும். பட்டணத்துக்கு அனுப்பி, அச்செடுத்து, தட்டாக வந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஓங்கும் குரலைச் சமாளிக்க எஞ்சினியர் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்து அவரே செய்தது. உள்ளே ஐந்து ரேடியோ வால்வுகள். முகப்பில் ஒரு திருகும், முள் ஆடும் ஒரு மீட்டரும். மைக்கிலிருந்து வரும் குரல் அந்தப் பெட்டி வழியாகத்தான் ஊசிக்குப் போகும். குரல் ஓங்கினால் பெட்டி தானே அதை இறக்கும். குரல் தணிந்தால் தானே ஏற்றிவிடும். அரை மணியில் சூடேறி, வால்வின் மேல் படிந்த தூசி கருகும் வாசனை வரும். ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாமல் கிடங்கு ஆட்கள் அதற்கு ‘அமுக்குப் பெட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“மூணுக்கு மேல திருப்பாதே,” என்று எஞ்சினியர் முதல் நாளே சொன்னார். “மூணு வரைக்கும் அது காவல்காரன். அதுக்கு மேல போனா திருடன். ஆள் ஓங்கிப் பாடுற எடம் வந்தா, பின்னாடி நின்னு தோள் ரெண்டையும் புடிச்சு ஒரு அடி பின்னால இழுத்துடு. மைக்குக்குத் தூரமாப் போயிட்டா தட்டு பிழைக்கும், குரலும் பிழைக்கும்.”

ஊசியை இறக்கிவிட்டால் அது தானே ஓடும் என்பதால் உதவியாளன் போய்ப் பாடகரின் பின்னால் நிற்கலாம். முதல் இரண்டு நாளும் அப்படித்தான் செய்தேன். ஒரு நாடகக்காரரை இழுத்தேன். பஜனைக் கோஷ்டியின் தலைவரை இழுத்தேன். அவர் நடுவில் தும்மியதில் ஒரு தட்டு போயிற்று. என் மேல் தப்பில்லை என்றாலும் எஞ்சினியர் என்னைத்தான் பார்த்தார். மூன்றாம் நாள் காலை பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்ற அவர் திண்டிவனத்துக்கு வண்டியேறும்போது, “இனிமே ஒண்ணு வீணாச்சுன்னா நீ ஊருக்கே போயிடலாம்” என்றார்.

அன்றுதான் கூத்துக்காரர் வந்தார். கெடாருக்குப் பக்கத்துச் சேரியைச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ராஜா வேஷம் கட்டுகிறவர். போர்க்களத்தில் தம்பியைப் பறிகொடுத்த ராஜா, ‘தம்பீ’ என்று மூன்று முறை கூப்பிடும் ஓர் இடம் அவர் கூத்தில் உண்டு. முதல் இரண்டும் விசும்பல் போல இருக்கும். மூன்றாவது, அடுத்த ஊருக்குக் கேட்கும். அந்த மூன்றாவது ‘தம்பீ’க்காகத்தான் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமிருந்துகூட வெற்றிலை பாக்கோடு வந்து அவரை அழைத்துப் போனார்கள். வெயிலில் களையெடுக்கிற மனிதருக்கு அந்தக் குரல்தான் பேர், மரியாதை எல்லாம்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, கூப்பிடும்வரை கிடங்கு வாசலிலேயே நின்றார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். கூடவே முகவீணை ஊதுகிற அவருடைய மச்சான். நான் உள்ளே அழைத்து வட்டத்தைக் காட்டினேன்.

“பஜனைக்காரரு சொன்னாரு சாமி,” என்றார். “ஓங்கி எடுக்கறப்ப தோள புடிச்சி இஸ்துக்குவீங்களாம். புடிச்சிக்கோங்க. எனக்கு ஒண்ணும் தடுமாறாது.”

சொல்லிவிட்டு, பழகிப் பார்ப்பதற்காக எனக்கு முதுகு காட்டி நின்றார். வெறும் தோள். குளித்த ஈரம் இன்னும் காயவில்லை. என் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. முந்தின இரண்டு நாளும் மற்றவர்கள் தோளைப் பிடித்த அதே கைதான். எங்கள் தெருவில் வளர்ந்தவன் இந்தத் தோளைத் தொட்டுவிட்டு எப்படி வீட்டுக்குள் போவது என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு அப்போது தோன்றவில்லை. பட்டம் வாங்கியவன் என்பதை இதோடு சேர்த்தே எழுத வேண்டும்.

“வேணாம். பொட்டி பாத்துக்கும். நீ வட்டத்துலயே நில்லு,” என்றேன். அவரை நான் அப்போது ‘நீ’ என்றுதான் பேசினேன்.

அவர் சற்று நேரம் முதுகு காட்டியபடியே நின்றார். பிறகு திரும்பி, “செரிங்க சாமி” என்று வட்டத்துக்குள் போனார்.

நான் திருகை ஒன்பதில் வைத்தேன்.

அவர் பாடினார். ஹெட்போன் என் காதில் இருந்தது. மூன்றாவது ‘தம்பீ’யை எடுத்தபோது கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே மூட்டை தூக்குகிறவர்கள் நின்றுவிட்டார்கள். என் காதில் மட்டும் அது பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவது போலக் கேட்டது. மீட்டர் முள் ஒரே தாவலில் கீழே விழுந்து அங்கேயே கிடந்தது. வெளியில் இருக்கும் குரலும் உள்ளே போகும் குரலும் வேறு வேறு என்று எனக்கு அந்தக் கணமே தெரியும். ஊசி கோட்டைத் தாண்டவில்லை, தட்டு பிழைத்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மாதிரித் தட்டு வந்ததும் எஞ்சினியர் பட்டணத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். “என்னடா இது, சப்புன்னு இருக்கு? இவனையா ஊரெல்லாம் கொண்டாடுது?”

“அன்னைக்கு அந்த ஆளுக்குத் தொண்டை சரியில்லை சார்,” என்றேன். பொய்யை முதலில் சொன்னது அங்கேதான். திருகை நான் மறுபடி மூன்றுக்கு இறக்கி வைத்திருந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

நான்கு மாதம் கழித்துத் தட்டுகளை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் போனேன். அங்கே எங்கள் ஏஜெண்டு ஒரு சைக்கிள் கடைக்காரர். தட்டு வந்த செய்தி கேட்டு, கூத்துக்காரர் தன் கூட்டத்து ஆட்களோடு வண்டியேறி வந்திருந்தார். வெளுத்த வேட்டி. கடை முன்னால் நாற்பது ஐம்பது பேர். ஏஜெண்டு கிராமபோனுக்குச் சாவி கொடுத்து ஊசியை வைத்தார்.

முதல் ‘தம்பீ’ வந்தது. இரண்டாவது வந்தது. பிறகு, மூன்றாவதுக்காக அவர் இழுத்த மூச்சு வந்தது. குரல் தணிந்ததும் பெட்டி தானாக ஏற்றிவிடும் என்று சொன்னேன் அல்லவா, அந்த மூச்சைப் பிரமாதமாக ஏற்றியிருந்தது. உழவு மாடு பெருமூச்சு விட்டது போல இருந்தது. அதற்குப் பிறகு அந்த மூன்றாவது ‘தம்பீ’, முதல் இரண்டைவிடச் சின்னதாக.

கடை முன்னால் நின்றவர்களில் ஒருவன் சொன்னான், “இன்னாயா, தம்பி பக்கத்துலயே குந்திக்கினு கீறான் போல.”

“மூச்சு வுட்ட வேகத்துக்கு நான் பயந்தே பூட்டேன்,” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய கூட்டத்து ஆட்களே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

அவர் மட்டும் கிராமபோன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். “சாமி, பொட்டில எதுனா கோளாறா?”

ஏஜெண்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்றால் அது எஞ்சினியர் காதுக்குப் போகும்.

“பொட்டில கோளாறு இல்ல. அன்னைக்கு உன் தொண்டதான் சரியில்ல. உள்ள என்னமோ அடைச்சாப்பல இருந்துது,” என்றேன். ‘உள்ளே அடைச்சாப்பல’ என்பதை எதற்காகச் சேர்த்தேன் என்று எனக்குத் தெரியாது. பொய் உறுதியாக நிற்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

அவர் கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

யுத்தம் வந்தது. தட்டு செய்யும் அரக்குக் கிடைக்காமல் கம்பெனியை மூடினார்கள். நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியாரானேன். பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்கள் கரி வாயுவில் ஓடிய காலம். ஒருநாள் உறவினர் கல்யாணத்துக்காகத் திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் பஸ் நின்று, கரியைக் கிளறும்வரை எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். புளியமரத்தடியில் ஒருவர் என்னையே பார்த்துவிட்டு வந்தார். முகவீணைக்காரர், அவருடைய மச்சான்.

“நீங்க பொட்டிக்கார சாமிதானே? செரியாத்தான் சொன்னீங்க சாமி நீங்க.”

“என்ன சொன்னேன்?”

“மாமனுக்கு உள்ள அடைச்சினு கீதுன்னு சொன்னீங்களே. அனந்தபுரம் சந்தையில பல்லு புடுங்குறவரு வாயத் தொறக்கச் சொல்லி லாந்தர் வச்சிப் பாத்தாரு. உண்ணாக்கு வளந்துபோயி கொரல மறைக்குதுன்னாரு. கத்தி வச்சி எடுத்துட்டு, படிகாரமும் உப்பும் அப்பி வுட்டாரு. கொஞ்சம் கூடவே அறுத்துட்டாரு போல. மூணு வாரம் ரத்தம். அதுக்கப்பறம் கொரலு ஏறவே இல்ல. ஏறுனா ரெண்டாப் பொளக்குது. கேப்பக் கூழு குடிச்சா மூக்குல வருது சாமி.”

“இப்ப கூத்துக்குப் போறாரா?”

“போறாரு. தெர புடிக்கறாரு.”

கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்பார்கள். ராஜா அதன் பின்னால் நின்று ஆடிவிட்டு வெளியே வருவார். இத்தனை வருஷம் அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து வந்தவர், இப்போது அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பஸ் கிளம்பியது. முகவீணைக்காரர் என் எதிர் சீட்டிலேயே உட்கார்ந்து வந்தார். அவர் இறங்கும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த பிறகுதான் கூத்துக்காரரைத் தேடிப் போனேன். எஞ்சினியர் அப்போது வேலையை விட்டு ஓய்வாக இருந்தார். அவரிடம் முதலில் உண்மையைச் சொன்னேன். அவர் பழைய வெட்டும் யந்திரத்தையும் பெட்டியையும் மிச்சமிருந்த இரண்டு மெழுகுத் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

பகல் பதினொரு மணிக்குக் கூத்துக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். பேச்சு மூக்கால் வந்தது. நான் நின்றபடியே சொன்னேன். உங்கள் தொண்டையில் ஒன்றுமில்லை, குரல் நன்றாகத்தான் இருந்தது, பெட்டியைத் தப்பாகத் திருப்பியது நான், பிறகு பொய் சொன்னதும் நான்.

“இன்னா சாமி, புதுசா ‘ங்க’ போட்டுப் பேசறீங்க,” என்றார் முதலில். பிறகு, “அன்னிக்கு என் கொரலு நல்லாத்தான் இருந்துதா?” என்றார்.

“கூரை அதிர்ந்துதுங்க.”

உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “இங்க வா. இவரு இன்னா சொல்றாருன்னு கேளு. மறுபடி சொல்லுங்க சாமி.”

சொன்னேன். அந்த அம்மா என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். “மறுபடி சொல்லுங்க சாமி.” அதற்கடுத்த வீடு. “மறுபடி சொல்லுங்க.” ஏழு வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நான் சொல்ல, அவர் பக்கத்தில் நின்று, முதல்முறை கேட்பவரைப் போலக் கேட்டார். ஒரு கிழவி மட்டும் மல்லாட்டை உரித்துக்கொண்டே, “இப்ப வந்து சொன்னா அறுத்தது ஒட்டிக்குமாடா?” என்றாள்.

ரோடு வரைக்கும் கூட வந்தார். யாரும் இல்லாத இடத்தில் கேட்டார். “ஏன் அம்மாந்தூரம் திருப்புனீங்க?”

“தட்டு வீணாயிடும்னு பயம்.”

“தோள புடிச்சி இஸ்திருந்தா தட்டு வீணாயிருக்குமா?”

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

“புடிக்க மாட்டேன்னீங்களே. அதுக்கா?”

“ஆமா,” என்றேன். “வாங்க, அதையும் உங்க தெருவுல வந்து சொல்றேன்.”

“எங்க தெருவுல அத்த சொல்லி இன்னா ஆவப்போவுது? அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே. உங்க தெருவுல போயி சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. அந்தத் தெருவிலேயே இன்னும் பல ஆண்டுகள் இருந்தேன், சொல்லவில்லை.

மறுபடி ஒரு தட்டுப் பதிக்கலாம் என்று கேட்டபோது மறுக்காமல் வந்தார். அதே கிடங்கு, அதே மூட்டைகள். நான் அவர் தெருவுக்குப் போய் வந்த இரண்டு வாரத்தில் அவர் முகம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. நான் கேட்காமலே சொன்னார். “நோவுல போச்சேன்னு இத்தினி நாளு பாவம் பாத்தானுவ. இப்ப, பொட்டிக்காரன் பேச்சக் கேட்டு நல்ல நாக்க அறுத்துக்கினவன்னு பேரு வச்சிட்டானுவ. புள்ளைங்க கூடக் கூப்புடுதுங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். உண்மையைச் சொல்லி நான் அவருக்குக் கொடுத்தது அந்தப் பேர்தான்.

நான் பெட்டியைக் காட்டினேன். குரல் சின்னதாக இருந்தால் பெட்டி தூக்கிக் கொடுக்கும், வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

“அன்னிக்கு அமுக்கச் சொன்னா அமுக்குச்சி, இன்னிக்குத் தூக்கச் சொன்னாத் தூக்குமா? வோணாம் சாமி. கீறது போதும். ரயிலு வர்றதுக்குள்ள ஜல்தியா ஆரம்பிங்க. நீங்க பின்னால வந்து நில்லுங்க.”

ஊசியை இறக்கிவிட்டு அவர் பின்னால் போய் நின்றேன். இரண்டு தோள்களிலும் கை வைத்தேன். சூடாக இருந்தன. எலும்பு தட்டுப்பட்டது.

முதல் ‘தம்பீ’ தேய்ந்து வந்தது. இரண்டாவதில் மூக்குச் சத்தம் கலந்தது. பிறகு அவர் மூச்சு இழுத்தார். என் கைகளோடு சேர்ந்து தோள்கள் மேலே எழுந்தன. தட்டில் கேட்டு ஊர் சிரித்த அதே மூச்சு. அதில் ஒன்றும் குறையவில்லை. அவ்வளவு பெரிய மூச்சை எடுத்தவர், குரலுக்கு இடம் விடுவது போலத் தானே பின்னால் சாய்ந்து என் மார்பில் முதுகு படும்படி நின்றார். இழுக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இழுக்கத் தேவை இருக்கவில்லை. குரல் இரண்டாகப் பிளந்து, மூட்டைகளைக்கூட எட்டாமல் நின்றுபோனது.

ஊசி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“முடிஞ்சிடுச்சி சாமி, கைய எடுங்க,” என்றார்.

தட்டை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மெழுகைச் சீவினால் மறுபடி புதிதாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. “சீவிடுங்க,” என்றார். அவர் முன்னாலேயே சீவினேன். மெழுகு சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. முழுவதும் சீவி முடியும்வரை நின்று பார்த்தார்.

பிறகு வாசலுக்குப் போய், இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு, பஜார் வழியாக நடந்து போனார்.